காலையில் பூட்டிக்கொள்ளும் மெஷின்

மருமகள் பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு. அவசரத்தில் விரல் பக்கத்து எழுத்தில் விழுந்திருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தப்பு. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனில் பல் டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“நாற்காலியில ஒரு மனுஷன் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரும்மா! ஊசி வேற போட்டாச்சு. அது தெளியறதுக்குள்ள பல்லு வரணும். வருமா, வராதா?”

“இதோ டாக்டர். மெஷின்ல ஏறிடுச்சு. கடைஞ்சுக்கிட்டே இருக்கு.”

பொய். கண்ணாடிப் பெட்டிக்குள் பல் கடையும் மெஷின் கல்லுப் பிள்ளையாராக அசையாமல் நின்றது. திரையில் ஒற்றை வரி: அனுமதி இல்லை.

“பொய்யை மட்டும் நல்லா கடையுறே” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

பார்சல் மாமா. மாமியாரின் கூடப்பிறந்த தம்பி. செய்து முடித்த பற்களைப் பெட்டியில் போட்டு டாக்டர்களிடம் கொண்டுசேர்ப்பது அவருடைய வேலை. தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். செயற்கைப் பல் செய்கிற அந்த லேபில் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது அவருக்கு.

மூன்றாம் முறை பாஸ்வேர்ட் பிடித்தது. திறக்கிற கட்டளையை அடித்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. ஊசி மூக்கு இறங்கி வெள்ளை வில்லையைக் கொறிக்க ஆரம்பித்தது.

“பாத்தியாக்கா?” மாமா உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “இவ கை பட்டதும் திறக்குது. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். திறக்கிறது இவன்னா பூட்டறது யாராம்? நானா? எனக்கு அந்தப் பாஸ்வேர்டே தெரியாது!”

அதுதான் இரண்டு மாதமாக எல்லார் தொண்டையிலும் சிக்கிக்கொண்டிருந்த முள். மெஷின் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில், விற்றவர் போனில் சொல்லச் சொல்ல, அவள் ஒரே ஒரு வரி அடித்து அதைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு அந்த வரியை மறந்தே போயிருந்தாள். இப்போதோ தினம் தினம் அதே வரி. மாலையில் சொன்ன பேச்சைக் கேட்கிற மெஷின் காலையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வந்து சேர்கிறவரைக்கும் முதல் வேலை தேங்கி நிற்கிறது. தேங்கிய வேலைக்கு டாக்டர்கள் திட்டுகிறார்கள். திட்டு வாங்குகிற மாமா அதை வட்டியோடு அவளிடம் இறக்குகிறார்.

யாரோ ராத்திரி வந்து பூட்டுகிறார்கள் என்று மாமாவே ஒரு கேமராவும் மாட்டினார். கேமராவில் ஈ, காக்கை கூட வரவில்லை. அது அவளுக்குச் சாதகமாகும் என்று நினைத்தாள். “யாரும் வரலைன்னா, இவ வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ஏதோ பண்ணிட்டுப் போறான்னு அர்த்தம்” என்று முடித்துவிட்டார் அவர்.

உள்ளறைக் கதவு திறந்தது. மாமியார் வந்து நின்றார். குள்ளமான, இறுக்கமான மனுஷி. ஏப்ரனில் ரோஸ் நிற மெழுகு. கைகளை அதன் பைகளுக்குள் விட்டிருந்தார். மெழுகில் பல் செதுக்கிச் செதுக்கி இந்த லேபைத் தூக்கி நிறுத்தியவர். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

“நேத்தே சொல்லிட்டேன். இன்னிக்கு ஷட்டர் இறக்கறதுக்குள்ள பாஸ்வேர்டை மாமாகிட்ட குடுத்துடு. நாளையிலேர்ந்து நீ வீட்டைப் பாத்துக்கோ. மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்.”

“அத்தை, நான் பூட்டலை.”

“பேய் வந்து பூட்டுச்சா?”

வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்த கணவனுக்கு நேற்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தாள். ஒரு வரியில் பதில் வந்தது: ‘இப்போதைக்கு அம்மா சொல்றதைக் கேளு, வந்து பேசிக்கிறேன்.’ வந்து என்ன பேச? இரண்டு வருஷம் ஒவ்வொரு பல்லாக இந்தத் திரையில் வரைந்து பழகியவள் அவள். இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் திரும்ப உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“பேயா மனுஷனான்னு பாக்கறதுக்கு ஒருத்தரை வரச்சொல்லியிருக்கேன்” என்றாள். “அவர் பாத்துட்டு நான்தான்னு சொன்னா, பாஸ்வேர்டையும் குடுக்கறேன், நாற்காலியையும் குடுக்கறேன்.”

நாற்காலி என்றதும் ஞாபகம் வந்து, எரிச்சலோடு அடியிலிருந்த கம்பியை இழுத்து அதை உயர்த்தினாள். அதுவும் சனியன், காலையில் வந்து பார்த்தால் கீழே இறங்கிக் கிடக்கிறது. இந்த அறையில் எதுவுமே வைத்தது வைத்தபடி இருப்பதில்லை.

*

வந்தவரைப் பூட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே பூட்டுக் கடை வைத்திருந்தார். கதவுப் பூட்டு அலுத்துப்போய்க் கம்ப்யூட்டர் பூட்டுக்கு மாறியவர். ‘யார் உடைத்தது, யார் மறைத்தது’ என்று சின்ன நிறுவனங்களில் வருகிற சந்தேகங்களைத் தீர்த்து வைப்பது இப்போது தொழில். நரைத்த மீசை. நிதானமென்றால் அப்படி ஒரு நிதானம். செருப்பைக் கழற்றுவதற்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

கூடவே அவருக்கு நேர் எதிராக ஒரு பெண். அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். அவர் இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மேசைக்கு அடியில் புகுந்திருந்தாள்.

“அத்தான், ஒயரெல்லாம் ஒரே சிக்கலா கிடக்கு! பாம்புப் புத்து மாதிரி. சரி பண்ணிடறேன்.”

“கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

“பண்ணிட்டேன்!”

பூட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். மருமகள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டார். மாமா நடுநடுவே சொருகியதையும் அதே பொறுமையோடு கேட்டார்.

“ராத்திரி இந்தக் கம்ப்யூட்டரை நிறுத்துவீங்களா?”

“நிறுத்தவே மாட்டோம் சார். கரன்ட் போனாலும் யூ.பி.எஸ். தாங்கிடும். நான் சாயங்காலம் என் வேலையை மூடிட்டு, திரையை மட்டும் அணைச்சுட்டுப் போவேன். காலையில வந்தா ஓடிக்கிட்டுதான் இருக்கும்.”

“இப்போ மெஷின் திறந்திருக்கா?”

“திறந்திருக்கு. காலையில டாக்டர் கேட்ட தற்காலிகப் பல்லைக் கடைஞ்சு அப்பவே மாமாகிட்ட குடுத்துட்டேன்.”

“குடுத்தா என்ன, ஊசி தெளிஞ்சுடுச்சு. அந்த டாக்டர் என்னைக் கடிச்சுத் துப்பிட்டார்” என்றார், போய்விட்டு வந்திருந்த மாமா.

“நல்லது. எல்லாரும் ரெண்டு கையையும் தூக்குங்க.”

“என்னது?”

“தூக்குங்க சார். பூட்டறவர் யார்னு இப்பவே பாத்துடலாம்.”

மாமா ஹெல்மெட்டோடு கைகளைத் தூக்கினார். போலீஸ் பிடித்த திருடனைப் போல இருந்தது. மருமகள் தூக்கினாள். அவசரம் இரண்டு கையையும் உயரத் தூக்கிச் சிரித்தாள். மாமியார் மட்டும் ஏப்ரன் பையிலிருந்து கையை எடுக்காமல் ஒரு பார்வை பார்த்தார். பூட்டுக்காரர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தன் சுண்டுவிரலால் மவுஸைத் தட்டி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தார்.

திரை கறுத்தது, வெளுத்தது, பழையபடி எழுந்தது. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. நேராக முகப்புத் திரை வந்து நின்றது. “இப்போ மெஷினுக்கு ஒரு வேலை அனுப்புங்கம்மா.”

அனுப்பினாள். அனுமதி இல்லை.

“யாரு தொட்டது?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

மாமாவின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. வாயும் திறந்தே இருந்தது.

“யாரும் தொடலை. யாரும் பூட்டவும் இல்லை” என்றபடி பூட்டுக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸ்ல இந்த மாதிரி வெளியிலேர்ந்து சொருகற மெஷினுக்கெல்லாம் ஒரு ஃபைல் இருக்கும். அந்த ஃபைல்ல எழுதினா மெஷினுக்குப் போய்ச் சேரும். யார் எழுதலாம், யார் கூடாதுங்கறது அதோட பர்மிஷன். மருமகப் பொண்ணு தினம் மாத்தறது அந்தப் பர்மிஷனைத்தான். ஆனா உங்க பல் படங்கள் மாதிரி இது டிஸ்க்ல எழுதி வெச்ச ஃபைல் இல்லை. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதெல்லாம் என்னென்ன சொருகியிருக்குன்னு பாத்து, அந்த ஃபைல்களைப் புதுசா பண்ணி வைக்குது. நிறுத்தினா எல்லாம் அழிஞ்சுடும். நேத்து இவங்க பர்மிஷன் குடுத்தது நேத்தைய ஃபைலுக்கு. இன்னிக்கு நிக்கறது வேற ஃபைல். பேர் மட்டும்தான் அதே.”

“மெழுகுல செதுக்கினா மாதிரி” என்றார் மாமியார் திடீரென்று. “சூடு பட்டா உருகிடும்.”

“அதேதாம்மா. ஒவ்வொரு காலையிலும் இவங்க மெழுகுல செதுக்கியிருக்காங்க. தேவைப்படறது அச்சு. இந்த மெஷின் வந்தா இன்னின்னாருக்குத் திறந்து விடுன்னு கம்ப்யூட்டருக்கு நிலையா ஒரு விதி எழுதி வெக்கணும். அது டிஸ்க்ல இருக்கும். எத்தனை தடவை நிறுத்தினாலும் அந்த விதிப்படி திறந்தே பிறக்கும்.”

மருமகளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவ்வளவுதானா? இவ்வளவுக்கா இரண்டு மாதம் சோற்றை முழுங்க முடியாமல் கிடந்தாள்?

ஆனால் மாமா அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. கைகளை இறக்கினார்.

“இருங்க, இருங்க. ரெண்டு வருஷம் உருகாத மெழுகு ரெண்டு மாசமா மட்டும் ஏன் உருகுது?”

“நல்ல கேள்வி. நானும் அதுக்குத்தான் வரேன்” என்றார் பூட்டுக்காரர்.

*

“விதியை நான் எழுதறேன் அத்தான்!” அவசரம் நாற்காலியில் தாவி உட்கார்ந்தாள். “நீங்க மத்ததைப் பாருங்க.”

மருமகள் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். கீபோர்ட் படபடத்தது. பூட்டுக்காரர் அறையைச் சுற்றி வந்தார். சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தார். அதன் ஒயர் பிடித்துக்கொண்டு போய், ஜிப்சம் கலக்குகிற தொட்டிக்குப் பின்னால் குனிந்தார். அங்கே பிளக் இருந்தது.

“இதை யார் இங்கே சொருகினது?”

“நான்தான். அக்கா நின்னு காட்டின இடம்” என்றார் மாமா.

“நேத்துச் சாயங்காலம் பதிவானதைப் போடுங்க.”

மாமா தன் போனில் ஓட்டிக் காட்டினார். காலி அறை. மேலே வெண்டிலேட்டரில் மஞ்சள் வெயில். அறையில் எதுவும் அசையவில்லை. பூட்டுக்காரர் அந்த வெண்டிலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணிமைப்பில் மஞ்சள் போய்க் கறுப்பு வந்தது.

“பாத்தீங்களா? யாரும் வரலை” என்றார் மாமா பெருமையாக.

“ஆமா. சூரியன்கூட ரொம்ப வேகமா போயிடுச்சு” என்றார் அவர்.

மாமாவுக்குப் புரியவில்லை. மருமகளுக்குப் புரிந்தது. இடையில் ஒரு துண்டு இல்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பச் சொருகியிருக்கிறார்கள்.

“முடிஞ்சுது!” என்று கூவினாள் அவசரம். “விதி எழுதியாச்சு. ரீஸ்டார்ட் பண்றேன். எல்லாரும் கைதட்டத் தயாரா இருங்க.”

கம்ப்யூட்டர் விழுந்து எழுந்தது. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லை மெஷினுக்கு அனுப்பினாள். இந்த முறை ‘அனுமதி இல்லை’ வரவில்லை.

மெஷினும் அசையவில்லை.

அதற்குப் பதிலாக, மேசை ஓரத்தில் டாக்டர் பெயர் ஒட்டுவதற்காக வைத்திருந்த குட்டி லேபிள் பிரின்டர் ‘கிர்ர்ர்’ என்று உயிர்பெற்றது. புள்ளியும் கோடும் கொக்கியுமாக லேபிள் கக்கியது. மேசையில் நிரம்பி, தரையில் விழுந்து, பார்சல் மாமாவின் காலைச் சுற்றியது.

“ஐயோ! நிறுத்துங்க!” மாமா காலை உதறினார். ஒட்டுகிற லேபிள். உதற உதறப் பேன்ட்டில் அப்பியது. “பல்லைக் கடையச் சொன்னா என்னைப் பார்சல் பண்ணுதே!”

மருமகள் பிரின்டரின் ஒயரைப் பிடுங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு பூட்டு இருந்த இடத்தில் இப்போது இரண்டு பூதம்.

“என்ன எழுதினே?” என்று கேட்டார் பூட்டுக்காரர், குரலை உயர்த்தாமல்.

“யூ.எஸ்.பி.யில முதல் நம்பரா வர்றதுக்குத் திறந்து விடுன்னு…” அவசரத்தின் குரல் இறங்கியது. “மெஷின்தானே முதல் நம்பர்?”

“நீ மேசைக்கு அடியில புகுந்து ஒயரை அழகுபடுத்தறவரைக்கும் அதுதான் முதல் நம்பர். சொருகற இடத்தை மாத்தினே. இப்போ பிரின்டர் முந்திக்கிச்சு. நம்பருங்கறது யார் முதல்ல வந்து நிக்கறாங்கறது, அவ்வளவுதான். வரிசையில முதல் ஆளுக்குச் சாவின்னு சொல்லிட்டு, யார் கையில சாவி போச்சுன்னு அழக் கூடாது. மெஷினுக்குன்னு உள்ளே ஒரு பிறவி எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி அந்த எண்ணுக்கு விதி எழுது. நிலையா ஒரு பேரும் வை. பல் வரையற ப்ரோக்ராம் இனிமே அந்தப் பேரைத்தான் கூப்பிடணும்.”

“போதும்ப்பா!” என்று மாமா வெடித்தார். “ஒருத்தி பூட்டறா, இன்னொருத்தி பேயை ஏவி விடறா. எல்லாத்தையும் மூடிட்டுக் கிளம்புங்க. நான் மெஷின் வித்த ஆளையே கூப்பிட்டுக்கறேன். மூடும்மா, மூடு!”

“மூடுன்னா உடனே மூடிடுமா?” மாமியார் அவர்மேல் எரிந்து விழுந்தார். “சேமிக்கவா வேணாமான்னு நடுவுல வந்து நின்னு உயிரை வாங்கும் அது. தெரியாம பேசாதே.”

தரையில் லேபிள் சுருட்டிக்கொண்டிருந்த பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

அவசரம் இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தாள். ரீஸ்டார்ட். பல் அனுப்பப்பட்டது. கண்ணாடிப் பெட்டியில் விளக்கு எரிந்தது. ஊசி மூக்கு இறங்கியது. பூட்டுக்காரர் நம்பவில்லை. மேசைக்கு அடியில் அவரே குனிந்து, பிடுங்கிப் போட்ட பிரின்டர் ஒயரையும் சேர்த்து வேண்டுமென்றே எல்லா ஒயரையும் இடம் மாற்றிச் சொருகினார். மறுபடி ரீஸ்டார்ட். மறுபடியும் ஊசி மூக்கு இறங்கி, வெள்ளைத் தூள் பறந்தது. பிரின்டர் வாயைத் திறக்கவில்லை.

“யாருக்குத் திறந்து விட்டே? எல்லாருக்குமா?”

“இல்லை அத்தான். பல் கோஷ்டின்னு ஒரு குழு வெச்சேன். அதுல இருக்கறவங்களுக்கு மட்டும். இப்போதைக்கு மெஷின் ஓட்டற இந்த அக்கா பேர் ஒண்ணுதான் இருக்கு. இன்னும் யார் பேரைச் சேர்க்கணும்?”

“சொல்றேன்” என்றார் பூட்டுக்காரர். “முதல்ல எல்லாரும் உக்காருங்க.”

*

உட்கார நான்கு இடம்தான் இருந்தது. மாமியார் உட்காராமல் உள்ளறைக் கதவில் சாய்ந்துகொண்டார்.

“மாமா ஒரு நல்ல கேள்வி கேட்டார். ரெண்டு வருஷம் ஏன் உருகலை? ஏன்னா ரெண்டு வருஷம் இந்தக் கம்ப்யூட்டர் நிக்கவே இல்லை. ராப்பகலா ஓடிக்கிட்டே இருந்துச்சு. மருமகப் பொண்ணு முதல் நாள் குடுத்த பர்மிஷன் அப்படியே தங்கிடுச்சு. அது தற்காலிகம்னு அவங்களுக்கும் தெரியலை, வித்தவரும் சொல்லலை. இன்னிக்கு நாம நிறுத்தறதுக்கு முன்னாடி அது எப்போ எழுந்துச்சு? பாத்தியா?”

“கம்ப்யூட்டர்ல முன்னாடி பதிவானதை எடுத்தேன் அத்தான்” என்றாள் அவசரம். “நேத்துச் சாயங்காலம். ஷட்டர் இறக்கினதுக்கு அப்புறம். அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். தானா நின்ன மாதிரியும் இல்லை. பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக் கொன்னிருக்காங்க. அப்புறம் மறுபடி போட்டிருக்காங்க.”

“சாயங்காலம் நான் குழந்தையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் மருமகள். “எங்கிட்ட ஷட்டர் சாவியே கிடையாது.”

“தெரியும். சாவி ரெண்டு பேர்கிட்ட.” பூட்டுக்காரர் மாமாவைப் பார்த்தார்.

மாமா எழுந்தே விட்டார். “என்னையா சொல்றீங்க? நான் எதுக்குய்யா…”

“உக்காருங்க சார். நீங்க இல்லை. தினம் காலையில இந்த நாற்காலி கீழே இறங்கியிருக்குன்னு இந்தப் பொண்ணு சொன்னாங்க. நீங்க உக்காந்திருந்தா அது கூரைக்குப் போயிருக்கும். இவங்களைவிட உயரம் குறைஞ்ச ஒருத்தர் தினம் சாயங்காலம் இதுல உக்கார்றாங்க. அவங்களுக்குக் கேமரா பிளக் எங்கே இருக்குன்னு தெரியும். பாஸ்வேர்ட் தெரியாது, தேவையும் இல்லை. வரையறதுக்கு மெஷின் பர்மிஷன் வேண்டாமே. இன்னொண்ணு. ப்ரோக்ராமை மூடப் போனா, சேமிக்கவா வேணாமான்னு ஒரு கேள்வி வந்து நிக்கும். வரைஞ்சு பாத்தவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். கம்ப்யூட்டர் பக்கமே வராதவங்களுக்குத் தெரிய நியாயமில்லை.”

கண்ணாடிப் பெட்டிக்குள் மெஷின் கொறித்துக்கொண்டிருந்தது.

மருமகள் மெல்லத் திரும்பினாள். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா?” என்றார் மாமா, ஹெல்மெட்டைக் கழற்றியபடி. அவர் தலைமுடியை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

“நான்தான்” என்றார் மாமியார். “பூட்டலை. பூட்டை நான் தொட்டதே இல்லை. நான் இல்லைன்னு எனக்குத் தெரியும், அதனால இவதான்னு நம்பிட்டேன். சும்மா உக்காந்து வரைஞ்சு பாப்பேன். ஒரு பல்லு, அரைப் பல்லு. அவ்வளவுதான்.”

“அப்போ குழுவுல சேர்க்க வேண்டிய ரெண்டாவது பேர் இவங்களோடது” என்றார் பூட்டுக்காரர்.

“பாஸ்வேர்ட்?” மாமா விடாமல் கேட்டார்.

“அது அவகிட்டயே இருக்கட்டும். நாற்காலியும்.”

இரண்டு மாதமாக மருமகள் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை. வந்தபோது இனிக்கவில்லை. உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் குப்பென்று மேலே வந்தது.

“இருக்கட்டுமா? இவ்வளவு லேசா? காலையில கண்ணைத் திறக்கும்போதே இன்னிக்கும் பூட்டியிருக்குமான்னுதான் தோணும் அத்தை. டாக்டர்கிட்ட பொய், வீட்டுல திட்டு, அவர்கிட்ட சொன்னா அம்மா சொல்றதைக் கேளுன்னு பதில். பூட்டுக்காரின்னு பேர் மட்டும்தான் பாக்கி. கத்துக்கணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்திருப்பேனே! அட, அந்தக் கேள்விக்கு ‘வேணாம்’னு ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு! அதைத் தட்டியிருந்தா கம்ப்யூட்டர் நின்னே இருக்காது, எனக்கு இந்தக் கதியே வந்திருக்காது!”

“எனக்கும் அது ஒண்ணுதான் பிடிபடலை” என்றார் பூட்டுக்காரர். “படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க. தட்டிட்டுப் போகாம, ஏன் தினமும் பொத்தானை அமுக்கிக் கொன்னீங்க?”

மாமியார் கதவை விட்டு விலகினார். நடந்து வந்து, மருமகள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. மருமகளைத் திரையில் ஒரு பல்லைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு மூடச் சொன்னார். கேள்வி வந்து நின்றது. ஏப்ரன் பையிலிருந்து வலது கையை எடுத்து மவுஸின்மேல் வைத்தார்.

திரையில் அம்பு துள்ளியது. ‘வேணாம்’ என்ற சின்னக் கட்டத்தைத் தாண்டி மேலே ஓடியது, கீழே ஓடியது, பல்லின்மேல் கோணல் கோணலாகக் கோடு இழுத்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இடது கையும் சேர்ந்து ஆடியது. மேசையில் இருந்த லேபிள் கற்றை சரசரத்தது.

“பொத்தான் பெரிசா இருந்துச்சு” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அது ஒண்ணைத்தான் என்னால குறி தப்பாம அமுக்க முடிஞ்சுது.”

“அத்தை…”

“கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கேனே, நான் மெழுகு செதுக்கி ரெண்டு மாசம் ஆச்சு. கத்தி நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டேன். இனிமே இந்தக் கை நிக்காதாம்.”